அடுப்படிச் சத்தம்

"அந்த அடுப்படிச் சத்தத்தை மொத்தமா எடுத்துடும்மா," என்றார் மாமனார். பாத்திரம் உருளும் சத்தத்தை அவர் சொல்லவில்லை. தன் மனைவியைச் சொன்னார்.

மருமகள் கணினியிலிருந்து நிமிர்ந்தாள். பழங்கதைகளைச் சொன்னவர் குரலிலேயே கேட்க ஓர் இணையதளம் திறக்கப்போகிறார்கள். எந்தப் பட்டனை எங்கே வைப்பது என்பது அவள் வேலை. தளத்தின் முதல் வரிசையில் மாமனார். ஒரு காலத்தில் கூடத்தில் டேப்ரெக்கார்டரை வைத்து, வரிந்து கட்டிக்கொண்டு கதை சொல்லிப் பதிந்தவர். கதைக்கடல் என்று பட்டப்பெயர் வேறு. கடல் ஆரம்பித்த உடனே வற்றிவிடும். அடுப்படியிலிருந்து மாமியார்தான் மீதியை எடுத்துக் கொடுப்பாள்.

"எடுத்துட்டா கதை நிக்குமா மாமா?"

"வீட்டுப் பொம்பளை குரலை ஊரு உலகம் எதுக்குக் கேக்கணும்? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது."

அவர் நகர்ந்ததும் மாமியார் மெல்ல வந்தாள். "எடுத்தா எங்க போகும்?"

"அழிஞ்சிடும் அத்தை."

"அவரு முன்னாடி நான் வாயத் தொறந்ததே அந்தக் கதைக்குத்தான். அதுவும் போச்சா."

மருமகள் எதையும் அழிக்கவில்லை. இருவர் குரலையும் தனித்தனியே பிரித்து, 'கூடம்', 'அடுப்படி' என்று இரண்டு பட்டன் வைத்தாள். வேண்டாததை அணைத்துக்கொள்ளலாம்.

"பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு," என்று மாமனார் மெச்சிக்கொண்டார்.

திறப்பு விழாவில் அரங்கம் நிறைந்திருந்தது. மாமனார் மாலையும் கழுத்துமாக மேடைக் கணினி முன் போய், முதல் வேலையாக 'அடுப்படி'யை அணைத்தார்.

"ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவனுக்கு..." என்று அவருடைய பழைய பதிவு ஒலித்தது.

ஒலிபெருக்கி கம்மென்று இருந்தது.

"ஆங், அதேதான். அப்புறம்?"

மறுபடியும் கம். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமனார் பழக்க தோஷத்தில் முன்வரிசையிலிருந்த மனைவி பக்கம் குனிந்தார். "அப்புறம் என்னடி?"

"அடுப்படிச் சத்தம் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மாமியார். குரலைத் தாழ்த்தவில்லை.

மருமகள் எழுந்து போய் 'அடுப்படி'யைத் திறந்துவிட்டு, கூடத்தை அணைத்தாள். கதை தடங்கலில்லாமல் ஓடியது. ராஜா மகளிடம் தோற்றான், மகள் நாட்டை ஆண்டாள், அரங்கம் வாயைப் பிளந்து கேட்டது.

ஒரு ஊரில் ஒரு ராஜா என்பது மட்டும்தான் அதில் குறைந்தது. அதை யாரும் தேடவில்லை.