எதிரே நின்றவள்

"மாப்ள வீட்டு ஜீப்பு வந்துருச்சு. உள்ள போ அமுதா! அவுக கெளம்புற வரைக்கும் மூஞ்சியக் காட்டிறாத."

அன்னக்கொடி நாத்தனாரை ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அமுதவள்ளிக்கு இது புதுசில்லை. புருஷன் போடிமெட்டு வளைவில் லாரியோடு போய்ச் சேர்ந்ததிலிருந்து, வீட்டில் நல்ல காரியம் என்றாலே அவளுக்கு இந்த அறைதான்.

உள்ளே பட்டுச்சேலையோடு விசும்பிக்கொண்டிருந்தாள் அண்ணன் மகள் சுகன்யா.

"ரெண்டாந்தாரம், அத்தை. அப்பா வயசு. வேண்டாம்னா யாரு கேக்குறா?"

அவளை அன்னக்கொடி கூடத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே மாப்பிள்ளை பேசும் குரல் கேட்டது. அமுதவள்ளிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பிரபாகரன்!

ஒரு காலத்தில் எஸ்டேட் ஜீப்பில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தவன். வீட்டுக்குத் தெரியாமல் அவள் எடுத்துக் கொடுத்த ஜாதகத்தைப் பார்த்து, 'மாங்கல்ய தோஷம், கட்டுனவன் தங்கமாட்டான்' என்று அவன் ஆத்தா மொக்கம்மாள் சொன்னதும் நழுவியவன். தோஷமில்லாதவளாகப் பார்த்துக் கட்டினான். அவளும் போன வருஷம் செத்துப்போனாள். அவனுக்குத் தோஷம் என்று ஊரில் ஒரு வாய் சொல்லவில்லை. 'பாவம், சோத்துக்குச் சிரமப்படுறாப்ல' என்று பெண்தான் தேடினார்கள்.

பலகாரம் தின்ற கையைக் கழுவக் கொல்லைக்கு வந்தவன், அந்த அறை ஜன்னலருகே நின்றான்.

"அமுதா... நீ இங்க இருக்கேன்னு தெரிஞ்சுதான் வந்தேன். ஒத்தையில கெடந்து செத்துட்டேன்."

ஒத்தையில் கிடப்பது என்னவென்று அவளுக்கா தெரியாது? ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள். 'கேளு. இப்பவாவது வாயத் தொறந்து கேளு.'

கேட்டான்.

"அந்தப் புள்ள மொகம் குடுக்க மாட்டேங்குது. நீ சொன்னாக் கேக்கும். வெரசாச் சொல்லி முடிச்சு விடேன். பெறகு நீயும் மலைக்கு, எங்க வீட்டுக்கே வந்துரு. சமையலுக்கு ஆளில்ல." தயங்கினான். "நாங்க கெளம்பறப்ப மட்டும் எதுக்க வந்துறாத. ஆத்தா சகுனம் பாக்கும்."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

கூடத்தில் பேச்சு முடிந்தது. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். மொக்கம்மாள் வாசல்படியில் காலெடுத்து வைத்தாள். கொல்லை வழியாகச் சுற்றி வந்த அமுதவள்ளி, வெறும் நெற்றியோடு நேர் எதிரே நின்றாள்.

"அடி ஆத்தே! தாலியறுத்தவ எதுக்க நிக்கிறா! இந்தச் சம்பந்தமே வேண்டாம். ஏறுடா ஜீப்புல!"

பிரபாகரன் அமுதவள்ளியைப் பார்த்தான். ஆத்தாவைப் பார்த்தான். ஏறிக்கொண்டான்.

புழுதி அடங்கவில்லை. அன்னக்கொடி மண்ணை வாரித் தூற்றினாள்.

"எம்பொண்ணு கல்யாணத்தக் கெடுத்துட்டியேடி பாவி! இனி இந்த வீட்டுல ஒனக்குச் சோறு கெடையாது!"

"ஆமா மதினி," என்றாள் அமுதவள்ளி. "எதுக்க வந்தாக் கெட்டுரும்னு இத்தன வருசமா சும்மாதான் சொன்னீக. இன்னைக்குத்தான் நெசமாவே கெடுத்திருக்கேன்."