ஒட்டாத உள்தாள்

லவோன் ஒரு வாழ்த்து அட்டை செய்து முடிப்பதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விடும். எங்கள் சர்ச்சில் எல்லோருக்கும் இது தெரியும். மற்றவர்கள் நாங்கள் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் பிறந்தநாள், கல்யாணம், குழந்தை பிறப்பு என்று ஒரு கட்டு அட்டையோடு எழுந்து போவோம். இவள் ஒரு குருவியை அச்சுக் குத்திவிட்டு, அலகு சரியாக விழவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள்.

இந்த முறை அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. பக்கத்து மாநிலத்து ஃபார்கோ நகரில் இருக்கும் அவள் அக்கா பெவர்லிக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன். இருவரும் பேசி மூன்று வருடமாகிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்று, சர்ச் சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால், "விருந்தாளி மாதிரி வந்து ஹாம் சாண்ட்விச் தின்னுட்டுப் போறியா?" என்று அக்காவைக் கேட்டது இவள்தான். கடைசிவரை அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்ட களைப்பு, வாயில் வந்துவிட்டது. பெவ் அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு போனவள்தான்.

"போனைப் பண்ணித் தொலையேண்டி" என்றேன்.

"முடியாது ஆர்டிஸ். அவ குரலைக் கேட்டா திரும்பவும் ஏதாவது தப்பா உளறிடுவேன். கார்டுல எழுதிடறேன்."

"அப்ப எழுது. ஒரு வெள்ளைத் தாள் போதுமே."

"பெவ்வுக்கா? வெறும் தாளா?" என்றாள், நான் ஏதோ நைட்டியோடு சர்ச்சுக்கு வந்துவிட்டதுபோலப் பார்த்து.

ஆரம்பித்தது கூத்து. கருநீல அட்டை. அதன்மேல் பிர்ச் மரக்கிளை ரப்பர் ஸ்டாம்ப். கிளையில் கறுப்புத் தொப்பி போட்ட குளிர்காலக் குருவி. மை ஈரம் காய்வதற்குள் வெள்ளைப் பொடி தூவி, சூடான காற்றடித்து உருக்கினால் பனி உறைந்ததுபோல மேலெழும்பி நிற்கும். நின்றது. அழகாகத்தான் இருந்தது. "ஒரு பொட்டு பொடி வானத்துல ஒட்டிக்கிச்சு" என்று குப்பையில் போட்டாள். அடுத்ததில் கிளை ஒரு நூல் சாய்ந்துவிட்டதாம். அதற்கடுத்ததில் மை கொஞ்சம் கசிந்ததாம். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

"வானத்துல பனி விழாதா? இது மின்னசோட்டாதானே?" என்று கத்தினேன்.

"அவ ஒவ்வொண்ணா பார்ப்பா, ஆர்டிஸ். உனக்குத் தெரியாது."

வியாழக்கிழமை மதியம் ஒருவழியாக ஓர் அட்டை அவள் கண்ணுக்குத் தப்பியது. எங்களில் யாரும் அட்டைக்குள் நேரடியாக எழுதுவதில்லை. வெள்ளை உள்தாளில் எழுதி, காய்ந்த பிறகு உள்ளே ஒட்டுவோம். கை தவறினால் தாள் மட்டும் போகும், அட்டை பிழைத்துக்கொள்ளும். அவளும் எழுதி எனக்கு நீட்டினாள். *பெவ், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ விருந்தாளி இல்லை. என்னை மன்னிச்சிடு. நல்லபடியா எழுந்து வா.* எனக்கே கண் கலங்கியது. தாளைக் காய வைத்துவிட்டு, அட்டை உறைக்குள் சரியாக நுழைகிறதா என்று போட்டுப் பார்த்தாள். நுழைந்தது. உறைமேல் விலாசம் எழுதித் தபால்தலையும் ஒட்டினாள். உடனே உறையின் மூடிக்கும் ஒரு குட்டிக் குருவி வேண்டும் என்று ஸ்டாம்ப் தேட ஆரம்பித்தாள்.

தபால் வண்டி கிளம்பும் நேரம். எனக்குப் பொறுக்கவில்லை. "இதுல வேற குருவியா? போதும்டி, உயிரை எடுக்காதே!" என்று உறையைப் பிடுங்கி, நக்கி ஒட்டி, பனியில் வழுக்கிக்கொண்டே ஓடிப்போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை லவோன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு நான்தான் முதலில் வந்தேன். எலுமிச்சை கேக் தட்டை வைக்க இடமில்லாமல், துண்டுக் காகிதங்கள் போடும் பெட்டியை நகர்த்தினேன். அதன் அடியில் ஒரு வெள்ளைத் தாள். *பெவ், அன்னைக்கு நான் சொன்னது தப்பு.*

"லவோன்! இது ஏண்டி இங்க இருக்கு?"

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நீ ஒட்டலையா?"

"நானா? நீதானே ஒட்டணும்!"

"நீதானே பிடுங்கிட்டு ஓடினே!"

அப்படியானால் ஃபார்கோவுக்குப் போனது கருநீல அட்டை மட்டும். உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை, கையெழுத்துகூட இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையிலா, அவள் தலையிலா என்பதுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து லவோனின் போன் அடித்தது. திரையில் பெவ் பெயர். லவோன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் போனை எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"கார்டு வந்துச்சு" என்றது பெவ்வின் குரல். "குருவி அழகா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. திங்கட்கிழமை என் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. எங்கிட்ட சொல்ல ஒரு வார்த்தைகூடவா இல்ல உனக்கு?"

தாளை லவோன் கையில் திணித்தேன். "படிடி!"

"பெவ்... அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ விருந்தாளி..." அங்கேயே நின்றுவிட்டது. பிறகு தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனிடம் குனிந்தாள். "எழுதினேன் பெவ். ஒட்ட மறந்துட்டேன். மூணு வருஷமா இதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அந்தத் தாள் எங்க?"

"என் முன்னாலதான் இருக்கு."

"அப்ப எடுத்துக்கிட்டு வா. நீயே வந்து ஒட்டு. அதை வச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்."

போன் அணைந்தது. தாளைப் பார்த்தேன். 'மன்னிச்சிடு' மேல் அவள் கண்ணீர் சொட்டி, மை நீலத் திட்டாகப் பரவியிருந்தது. இவளைப் பற்றி எனக்குத் தெரியாதா? பெருமூச்சு விட்டுக்கொண்டே புதுத் தாளும் பேனாவும் எடுத்து நீட்டினேன். "இந்தா, வேற எழுது. காத்திருக்கேன். குருவி குத்தணும்னாலும் குத்து."

அவள் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தபடி மேசையிலிருந்த அந்தக் கறைத் தாளை எடுத்துக்கொண்டாள்.

"இதுவே இருக்கட்டும். பசையை எடுத்துக்க. இன்னும் என்ன நின்னுக்கிட்டிருக்கே, வண்டியை எடு ஆர்டிஸ்!"