தாத்தா பெயர் கொண்ட காளை

விடுதிச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அறைத்தோழி நோமோண்டே கத்தியைக் கீழே வைத்தாள்.

"மறுபடியும் அந்தச் செருமல். யாரோ பெரியவர் வர்றாருன்னு எழுந்தே நின்னுட்டேன்டி செகாய்."

"தொண்டைல ஏதோ கட்டியிருக்கு," என்றாள் செகாய்.

கேப் டவுன் காற்று அவளுக்குப் புதிதல்ல. இங்கே படிக்க வந்து மூன்றாம் வருஷம். செருமல்தான் புதிது. வாசலில் நின்று இரண்டு தடவை கனைத்து, உள்ளே இருக்கும் பெண்கள் தலைத்துணியைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்து நுழைகிற வீட்டுத் தலைவரின் செருமல் அது. கல்லூரியில் பதிவு முடிந்த அன்றிலிருந்து வருகிறது.

அந்தப் பதிவுக்கு அவள் பட்டது நாய் படாத பாடு. உள்ளூர்ப் பிள்ளைகள் கொஞ்சம் கட்டினால் போதும், பெயரை எழுதிக்கொள்வார்கள். எல்லை தாண்டி சிம்பாப்வேயிலிருந்து வந்தவள் மட்டும் வருஷப் பணம் முழுவதையும் முதலிலேயே வைக்க வேண்டும். என்ன நியாயமோ! பதிவு போனால் படிப்பு அனுமதி போகும், அனுமதி போனால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். கடைசி நாள் மதியம் வரை பெட்டியோடு கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கட்டண ஜன்னலுக்குள்ளிருந்த பெண் கூப்பிட்டு, முழுப் பணமும் வந்துவிட்டது என்றாள். செகாய் அங்கேயே அழுதாள். எங்கிருந்து வந்தது என்று அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம்.

ரொட்டி வாங்கக் கடைக்குப் போனவள் மூக்குப்பொடி டப்பாவோடு திரும்பினாள். துவைத்த போர்வையில் மாட்டுப்பட்டி வாசனை அடித்தது. வகுப்பில் பக்கத்துப் பையன், "என்ன மெல்லுற? எனக்கும் குடேன்," என்றபோதுதான் தன் தாடை மாடுபோல அசைபோடுவதே அவளுக்குத் தெரிந்தது. வாய்க்குள் ஒன்றுமில்லை.

அன்றே அம்மாவுக்குப் போன் போட்டாள். "எத வித்தீங்கம்மா?"

அம்மா குரலைத் தாழ்த்தி, "மசிவிசாவ," என்றாள்.

மசிவிசா, அவள் பிறக்கும் முன்பே செத்துப்போன தாத்தா. பட்டியில் நின்ற கருங்காளைக்கும் அதுதான் பெயர். தாத்தா அதில்தான் இருந்தார். குழந்தைகள்கூட அதைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், யாரும் குச்சி ஓங்க மாட்டார்கள். விற்கவே கூடாது என்றில்லை. முதலில் ஓர் இளங்காளையை நிறுத்தி, குடும்பம் கூடிக் கைதட்டி, கேழ்வரகு பீரை அதன் முதுகில் ஊற்ற வேண்டும். அது உடம்பை உதறினால் தாத்தா இடம் மாறிவிட்டார். அதற்கப்புறம் பழையது வெறும் மாடு.

அப்பா போனை வாங்கினார். "கடைசி நாளுன்னு நீதான தாயி சொன்ன? பீர் புளிக்கவே ஏழு நாளு ஆகும். மத்த மாடெல்லாம் வறட்சியில போயிருச்சு. மொதல்ல வித்துருவோம், சடங்க அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"புள்ள பொறந்தப்புறம் பொண்ணு பாக்கப் போன கதைதான்!" பின்னாலிருந்து அத்தை கத்தினாள். "குந்த எடமில்லாம எங்கப்பன் எங்கடா போவாரு? அவரை வித்த காசு எங்க போச்சோ, அங்கதான போவாரு! ஏ செகாய், நீ கெளம்பி வா."

"வந்தா இந்த வருசமே போயிரும் அத்த. தாத்தாவ வித்ததும் வீணாப் போயிரும்."

அத்தை பெருமூச்சு விட்டாள். "அப்ப பீர் போடுறேன். ஊத்துற அன்னிக்கு போன்லயாச்சும் மூஞ்சியக் காட்டு."

சனிக்கிழமை காலை, வெயில் விழுந்த கட்டிலில் செகாய் போனை நிமிர்த்தி வைத்தாள். நோமோண்டே துணைக்கு உட்கார்ந்தாள். திரையில், பெரியப்பா கொடுத்த செங்காளை பட்டி நடுவில் நின்றது. ஆண்கள் உட்கார்ந்து கைதட்ட, அம்மா மண்டியிட்டிருந்தாள். அத்தை சுரைக்குடுவையோடு காளையருகே போனாள்.

"அப்பா, ஒம்மவன் அவசரக்குடுக்க. தப்புதான், ஒத்துக்கிறோம். இந்தா ஒனக்குப் புது எடம். பேத்திய விட்டுட்டு வந்துரு."

ஊற்றினாள். காளை நின்றது. இன்னும் ஊற்றினாள். விலாவில் பீர் வழிந்து மண்ணில் சொட்டியது. காளை வாலைக்கூட ஆட்டவில்லை.

"ஒதறுடா, ஒதறு," என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது.

செகாயின் பிடரியில் சில்லென்று ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்துதான் இருந்தது. ஈரம் முதுகுத்தண்டு வழியே இறங்கியது, புளித்த கேழ்வரகு வாசனையோடு. வேண்டாம், வேண்டாம் என்று கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள். தோள்கள் கேட்கவில்லை. தலையிலிருந்து இடுப்புவரை ஒருமுறை, நன்றாக, உதறினாள்.

நோமோண்டே சுவரோரம் ஒதுங்கினாள். போனில் கைதட்டல் நின்றுபோனது. எல்லோரும் காளையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மா, அவளைப் பெற்ற அம்மா, மண்டியிட்டபடியே நகர்ந்து நகர்ந்து திரையருகே வந்தாள். முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள்.

"வாங்க மாமா," என்றாள்.

நான்தாம்மா என்று சொல்ல செகாய் வாயைத் திறந்தாள். இரண்டு தடவை செருமினாள். அங்கே பட்டியில் ஒவ்வொருவராகக் கைதட்டத் தொடங்கினார்கள்.