தப்பிய வயல்

மண் ஆய்வு அதிகாரி வண்டியிலிருந்து சிவப்புக் கொடிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவற்றை ஊன்றிவிட்டால் இந்த வயலில் உண்ணும் பயிர் எதுவும் வைக்கக் கூடாது. கொட்டகையில் விதைக்கிழங்கு முளைவிட்டிருந்தது.

"சுரங்கக் கழிவு மேடு பக்கத்துல இருக்கு. ஈயம் இருக்கத்தானே செய்யும்?" என்றாள் தங்கை. மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியவள் அவள்தான்; ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாக முடிவு வந்திருந்தது.

"மேட்டை ஒட்டின வயல்லயே நமக்கு வந்த அளவுல பாதிதான்டி. நம்மளது எவ்வளவோ தள்ளி." அக்கா வரப்பில் உட்கார்ந்தாள். "மண்ணை எப்படி எடுத்தே?"

"அவங்க சொன்ன மாதிரிதான். அங்கங்க தோண்டி, ஒண்ணாக் கொட்டிக் கலந்து, ஒரு பிடி பையில போட்டேன்."

"எதுல கலந்தே?"

"வாளியில. பின்ன, என் தலையிலயா?"

"எந்த வாளி?"

"மாமா ஆலையிலேருந்து கொண்டுவந்தாரே, அது."

அக்கா துள்ளி எழுந்தாள். அவள் கணவன் வேலை பார்க்கும் ஆலையில் ஈயத் தாதுவை அரைக்கிறார்கள். அந்தப் பொடியை அள்ளிய வாளி அது. பழசானால் தொழிலாளிகள் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார்கள்.

"அடிப் பாவி!" சிரித்துக்கொண்டே ஓடினாள்.

"கழுவிட்டுத்தான்கா கலந்தேன்!" தங்கையும் பின்னால் ஓடினாள்.

"சார், ஊனாதீங்க! நீங்க சோதிச்சது எங்க மண்ணை இல்ல. என் வீட்டுக்காரர் ஆலையை!"

அவர் முழுவதையும் கேட்டார். "எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லுவாங்கம்மா."

"ஈயம் அளக்கற உங்க கருவியை மண்ணுல வைங்க. அதிகமா காட்டினா நானே கொடி ஊனறேன்."

துப்பாக்கி போன்ற கருவியை அவர் மண்ணில் அழுத்தினார். எண்ணைப் பார்த்தார். தள்ளிப் போய் மறுபடி அழுத்தினார். பிறகு நடை வேகமானது. அக்காவும் தங்கையும் கூடவே ஓடினார்கள்.

"சொல்லுங்க சார், உயிரை வாங்காதீங்க!"

"வாய்க்கால் ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். மத்ததெல்லாம் அளவுக்குள்ளதான்." அவருக்கும் மூச்சு வாங்கியது. "நானே மண் எடுத்து மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்பறேன். இன்னிக்குக் கொடி இல்ல."

தங்கை அக்காவைத் தூக்கிச் சுற்றினாள். "இறக்குடி, இடுப்பு போயிடும்!"

அதிகாரி கொடிகளைக் கட்டியபடி கேட்டார்: "அந்த வாளி உங்க வீட்டுல மட்டும்தானா?"

"தெருவுல வீட்டுக்கு ஒண்ணு இருக்கு சார்."

"அதுல என்ன பண்ணுவீங்க?"

"துணி ஊறவைப்போம், செடிக்கு ஊத்துவோம், கீரை அலசு..."

அக்கா முடிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"வாளியைத் தொடாதீங்கன்னு நீ தெருவுல அந்தப் பக்கம் போய்ச் சொல்லுடி, நான் இந்தப் பக்கம்!"

தெருவின் முதல் வீட்டுக் கதவு அவள் தட்டலில் அதிர்ந்தது.