வெள்ளிக்கிழமைக் கையெழுத்துகள்

ஓரின்பெக் வெள்ளிக்கிழமை போயிருக்கக் கூடாது. அது அவனுக்குத் திங்கள்கிழமைதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று போனான். இருந்தார்கள். தெகெலென் மலைக்குக் கீழே இருந்த அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஷெல்பெக் பொரித்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களுக்கான ரொட்டி அது. எண்ணெய் மணம் அவர்களைப் போய்ச் சேரும். பொரித்து அடுக்கி, ஓதி, இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகு தேநீர். தேநீருக்கு நடுவில் அவன் தாளை நீட்டினான்.

மலைக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று மேலே நாலு வரி. கீழே பெயர், பிறந்த வருடம், கையெழுத்து. இதே நாலு வரிக்கு நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கக்காரர்களும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் மண்ணுக்கடியில் வெடித்தது. அவன் நிறுத்தட்டும், நானும் நிறுத்துகிறேன் என்று இரண்டு அரசாங்கமும் நாற்பது வருடமாக ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தன. இரண்டு ஊர்ப் பட்டியலையும் ஒரே மேஜையில் வைத்துவிட்டால் கைகாட்ட முடியாது.

ஓரின்பெக் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். வயது முப்பத்தொன்று. மனைவி ஜிபெக் போய் ஒன்றரை வருடம். ரத்தத்தில் நோய். சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் இதயம்தான் நிற்கிறது.

திங்கள் காலை செமெய் நகரத்திலிருந்து டாக்டர் ரோஸா தாள்களை வாங்கிப் போக வந்தார். கையெழுத்து இயக்கத்துக்கு இந்தப் பக்கம் அவர்தான் பொறுப்பு. தாள்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார்.

"வாத்தியாரே, இவரு ஆயிரத்தி எண்ணூத்தி எண்பத்தொண்ணுல பொறந்திருக்காரு. நூத்தியெட்டு வயசு. கை நடுங்கவே இல்லையே."

ஓரின்பெக் எட்டிப் பார்த்தான். அடுத்த வீட்டில் ஒரு 1897. அதற்கும் கீழே 1903. ஓதும்போது வாயில் இருந்த பெயர்களை அப்படியே தாளில் இறக்கியிருந்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை. இது வேண்டாம் என்பவர்கள் பெயரை எழுதுங்கள் என்றுதான் அவன் கேட்டிருந்தான். எழுதினார்கள்.

"போன மாசம் வேற ஊர்ல ரெண்டே ரெண்டு செத்தவங்க பேரு," என்றார் ரோஸா. "கல்லறையில கையெழுத்து வேட்டைன்னு பத்திரிகையில போட்டுச் சிரிச்சானுங்க. ரெண்டாயிரம் பேரு போட்டது குப்பைக்குப் போச்சு. அடிச்சிடுங்க. ஆனா நீங்க அடிக்கக் கூடாது. எழுதினவங்களே அடிச்சுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். சாயங்காலம் நான் கெளம்பணும்."

அறுபத்திரண்டு பெயர். அவன் கிளம்பினான்.

முதல் வீட்டில் டிராக்டர் ஓட்டும் தோக்தார் பேனாவை வாங்கிக்கொண்டு சிரித்தார். "எங்கப்பன் உசுரோட இருந்தப்ப கட்சிக்காரன் காட்டுன எடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டாரு. செத்தப்புறம்தான் சொந்தமா ஒண்ணு போட்டாரு. அதையும் அடிக்கச் சொல்றியேய்யா." அடித்தார். பிறகு சிரிக்கவில்லை.

நாலாவது வீட்டுக்காரி மூன்று குழந்தைகளின் பெயரை எழுதியிருந்தாள். பிறந்த வருடத்துக்குப் பக்கத்தில் இறந்த வருடத்தையும் எழுதியிருந்தாள். மூன்றிலும் இரண்டும் ஒரே வருடம். மூன்றையும் அடித்துக் கொடுத்தாள்.

அடித்த பெயர்கள் பின்னாலேயே நடந்து வருவதுபோல் இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஒன்றுதான் பாக்கி. ஜிபெக், 1959. எழுதியவள் அவளுடைய அம்மா நூரிலா. வருட நினைவு விருந்துக்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்குப் போனதில்லை. வெள்ளிக்கிழமைகூடத் தாளைப் பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பினான்.

நூரிலா தரையில் உட்கார்ந்து கம்பளி மயிரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா மாப்பிள. வழி ஞாபகம் இருக்கா?"

"அத்தை, ஒரு விஷயம்..."

"தோக்தார் சொல்லிட்டுப் போனான். எம் பொண்ண அடிக்கணும். அதானே?"

"இல்லேன்னா மொத்த ஊரு கையெழுத்தும் போயிடும்."

"போகட்டும்."

அவன் தாளை அவள் முன்னால் விரித்துவிட்டு உட்கார்ந்தான். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அவளுக்கு மூணு வயசு. அப்பல்லாம் குண்ட வானத்துலயே வெடிப்பானுங்க. சிப்பாய் வந்து எல்லாரும் வெளிய வந்து பள்ளத்துல குப்புறப் படுங்கன்னான். படுத்தோம். இவ மட்டும் தலையத் தூக்கி, அம்மா எவ்ளோ அழகா இருக்கு பாருன்னா. தலையப் புடிச்சு அமுக்கியிருக்கணும். பெசஞ்ச மாவு கையில. அவ முடியில ஒட்டிக்குமேன்னு விட்டுட்டேன்." கம்பளியை ஒதுக்கினாள். "அவ வேணாம்னு சொன்னான்னு எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்."

"பொய்னு சொல்லுவாங்க அத்தை. கையெழுத்து பொய்யின்னா நோயும் பொய்யின்னுவாங்க. அவளையே பொய்யின்னுவாங்க."

நூரிலா முதல்முறையாகத் தாளைப் பார்த்தாள்.

"சரி, அடிக்கறேன். அதுக்கு முன்ன எல்லாப் பேரையும் வாசி. உசுரோட இருக்கறவங்கள மட்டும். யாருக்காக அவ போறான்னு நான் கேக்கணும்."

வாசித்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தொண்டை வறண்டது. நடுவில் ஒருமுறை அவள் தண்ணீர் கொடுத்தாள். கடைசித் தாளைக் கீழே வைத்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உம் பேரு எங்க?"

போட்டிருப்பதாகத்தான் நினைத்தான். முதல் தாளிலிருந்து திரும்பப் புரட்டினான். இல்லை. மறுபடி புரட்டினான். இல்லை.

"வேலை போயிடும்னு பயமா?"

"இல்ல."

"பின்ன?"

"தெரியல அத்தை. வீடு வீடாப் போயி இருக்கறவங்கள எல்லாம் கேட்டேன். என்னையும் கேக்கணும்னு தோணவே இல்ல."

"செத்தவ போட்டிருக்கா. இருக்கறவன் போடல. நல்லா வாங்கினடா கையெழுத்து."

அவள் பேனாவை எடுத்தாள். மகள் பெயரின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தன் கையெழுத்து. அதற்குக் கீழே தன் பெயர். பிறகு பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

அடுத்த கோட்டில் பெயர் எழுதினான். பிறந்த வருடம் எழுதும் இடத்தில் கை நின்றது. எண் வரவில்லை.

"எழுது," என்றாள். "மறந்துபோச்சா?"

அவன் யோசித்தான்.

"அம்பத்தெட்டு," என்றான், சத்தமாக. எழுதினான்.