பெட்ரோல்காரன் செய்த டீசல் வேலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த விஷயமே அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான். தங்கச்சி தன் பழைய பிக்கப் சரக்கு வண்டியோடு ஒருநாள் என் பட்டறைக்கு வந்தாள். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை, டீசல் எஞ்சினாக மாற்றிவிடலாம் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டீசலுக்குன்னே ஒரு மெக்கானிக் இருக்காராம். அவர்கிட்ட கேட்டுப் பாக்கவா அண்ணா?" என்றும் கேட்டுவிட்டாள்.

"கூடப் பிறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ ஊரான்கிட்ட போய் நிப்பியா?" என்று எகிறினேன்.

இருபத்திரண்டு வருடமாக நான் தொட்டதெல்லாம் பெட்ரோல் வண்டிகள். டீசலை முழுசாகப் பிரித்ததுகூட இல்லை. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் வேலை. விபத்தில் பின்புறம் நசுங்கிய ஒரு வேனிலிருந்து எஞ்சினை எடுத்தோம். பழையதைவிடக் கனம் அதிகம் என்பதால் முன் ஸ்பிரிங்கை மாற்றினேன். தாங்கிகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைத்தேன். டேங்கை இறக்கி மூன்று முறை கழுவினேன். மீதி டீசல் டேங்குக்கே திரும்பிப் போக ஒரு குழாய் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் இழுத்தேன். பேட்டரிக்கு மின்சாரம் தருவதற்காக எஞ்சினோடு வந்த ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒரு கட்டியான குமிழ் இருந்தது, எண்ணெய் வேறு கசிந்தது. பழைய பெட்ரோல் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே இரும்புப் பட்டை வைத்து மாட்டினேன். பிரேக் பூஸ்டருக்குப் போகிற குழாயை, எப்போதும் சொருகுகிற மாதிரி, எஞ்சின் காற்றிழுக்கும் குழாயில் சொருகினேன். கை தானாகச் செய்த வேலை அது.

முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தங்கச்சி வந்தாள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள்.

"பிரேக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கே அண்ணா."

"வண்டி டீசலாயிடுச்சு, உன் காலு இன்னும் பெட்ரோல்லயே இருக்கு. ரெண்டு நாள் ஓட்டு, பழகிடும்."

சிரித்தாள். மேட்டுக் கிடங்கில் இருபது மூட்டை சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மலைச்சரிவு வழியாகக் கீழே இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் டீ குடிக்கப் போனேன்.

பத்து மணிக்குக் கரண்ட் வந்தார். வயரிங் வேலை செய்பவர், பட்டறைத் தெருவில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. மாட்டாமல் போட்டிருந்த ஆல்டர்னேட்டரைச் செம்புக் கம்பிக்காக எடுத்துப் போக வந்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஏம்பா கழட்டி வச்சிருக்க? பின்னாடி இருக்கறது வாக்குவம் பம்பு. இது இல்லாம பிரேக்குக்கு என்ன பண்ணின?"

"பிரேக்குக்கு எஞ்சின் இழுக்குதுல்ல?"

அவர் ஆல்டர்னேட்டரைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். பெட்ரோல் எஞ்சின் காற்றிழுக்கும் வழியில் ஒரு கதவு உண்டு. அது மூடியிருக்கும்போது உள்ளே உண்டாகிற உறிஞ்சல்தான் பூஸ்டருக்குப் பலம், மிதிக்கிறவரோடு சேர்ந்து அதுவும் தள்ளும். டீசலில் அந்தக் கதவே கிடையாது. உறிஞ்சுவதற்குத்தான் தனியாகப் பம்பு. தங்கச்சி ஒரு டன் சுமையை வெறும் காலால் நிறுத்த வேண்டும், அதுவும் இறக்கத்தில்.

போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி. எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவளிடம் சொல்லி வைத்தவன் நான்தான்.

கரண்டின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கிடங்குக் காவலாளி, "கிடங்கு திறக்கவே ஒம்பதரையாச்சு. இப்பத்தான் போச்சு, கால் மணி நேரம் இருக்கும்" என்றார். சரிவில் மூன்று வளைவுகள், கீழே சந்தை. சந்தையில் அந்த நேரத்துக்குக் கால் வைக்க இடம் இருக்காது. முதல் வளைவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஸ்கூட்டரை இன்னும் முறுக்கினேன். இரண்டாவது வளைவில் கூட்டம். ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்காமல் திரும்பி ஓடினேன்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால், சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலில் பிக்கப் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. பம்பர் மடங்கியிருந்தது. இரண்டு மூட்டை கிழிந்து சாலையெல்லாம் சாம்பல் நிறம். தங்கச்சி மணலில் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால்வரை சிமெண்ட் தூசி. கண் மட்டும் தெரிந்தது.

"அடிபட்டுச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"ரெண்டு காலாலயும் மிதிச்சேன் அண்ணா. கியரைக் குறைச்சேன், ஹேண்ட் பிரேக்கு இழுத்தேன். அப்பவும் உருண்டுச்சு. கீழ சந்தை தெரிஞ்சுது, மணல்ல விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ செஞ்ச வண்டி, அதுல என்ன கோளாறு இருக்கப் போகுதுன்னே கடைசி வரைக்கும் நெனச்சேன்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். பக்கத்தில் உட்கார்ந்தேன். பம்பு, குழாய், இருபத்திரண்டு வருடப் பெட்ரோல், டீசல் தெரியாது என்பதை மறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதது அவள் இல்லை, நான்தான்.

அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வண்டியிலிருந்து சாவியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த டீசல் மெக்கானிக்கைக் கூப்பிடு. அவர் கிட்ட நின்னு பம்பு மாட்டக் கத்துக்கோ."

"சரி."

"மாட்டினப்புறம் முதல் தடவை இந்த இறக்கத்துல நீதான் ஓட்டணும். நான் பக்கத்துல உக்காந்து வருவேன்."

"காலி வண்டியா?"

"இருபது மூட்டையோட" என்றாள்.

கீழே சந்தையின் இரைச்சல் கேட்டது. சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, "சரி" என்றேன்.