பெரியநாயகி செட் கூவிய மாலை

காஞ்சிபுரத்தில் பெரியநாயகி சவுண்ட் சர்வீஸ் என்று முழுப்பெயர் சொன்னால் பாதிப்பேருக்குப் புரியாது. "கூவாத செட்டுப்பா" என்றால் ரிக்‌ஷாக்காரன்கூட வாசலில் கொண்டுவந்து விடுவான். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, மைக்கின் முன்னால் நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் "ஊய்ய்" என்று ஊரைக் கூட்டுவது மற்றவர்களின் செட். பஞ்சாட்சரத்தின் செட் அந்தக் காரியத்தைச் செய்ததில்லை. அவர் தன் தாயின் பெயரை வைத்துத் தொடங்கிய தொழில் அது. பெற்றவள் பெயரை எழுதிய பெட்டி நாலு பேர் நடுவில் ஊளையிடலாமா என்பார்.

ஊர் மைக் செட்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. விசேஷத்தின் நடுவில் எவன் செட் கூவுகிறதோ அவன், மேடையோரம் மாட்டியிருக்கும் தன் பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். விசேஷம் முடியும்வரை பலகை அப்படியே நிற்கும். சங்கத்தில் இதைக் கொண்டுவந்தவரே பஞ்சாட்சரம்தான். இன்னொரு செட்காரனான பரசுராமனின் பலகை சுவரைப் பார்க்காத மாதம் கிடையாது. கடைசியில் அவன் மைக் செட்டை விட்டுவிட்டு லைட் செட்டுக்குப் போனான். அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு ஆறவில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு தை மாதத்தில், பேத்தி மங்கையர்க்கரசி சென்னையிலிருந்து இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். அவள் கல்லூரியில் கிடார் வாசிக்கிறவள். நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தார்கள்.

"இது என்னம்மா, சாப்பாட்டுத் தூக்கா?" என்றார் பஞ்சாட்சரம்.

"ஆம்ப் தாத்தா. கிடாருக்கு. பேட்டரியிலயே ஓடும்."

இரண்டு ஆள் பிடித்துத் தூக்கினால்தான் ஆம்பிளிஃபயர் என்று நம்பியவர் அவர். உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்று சோப்புப் பெட்டி அளவில் பச்சை நிறத் தகரப் பெட்டி. தலையில் ஒரு பொத்தான். அரசி அதைத் தரையில் வைத்து, கிடாரை மாட்டிக்கொண்டு, கால் கட்டைவிரலால் அழுத்தினாள்.

அதுவரை மணிமணியாக வந்த நாதம் கர்ர்ரென்று உறுமியது. தகரக் கதவைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது.

"நிறுத்து! ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குது."

"கிழியல தாத்தா. இதுக்குப் பேரு டிஸ்டார்ஷன். அப்படித்தான் வரணும்."

"டிஸ்டார்ஷன் நோய்க்குப் பேரும்மா! அதைப் போக்கறதுக்குத்தான் நான் ஆயுசு பூரா ஈயத்தோட உக்காந்துக்கினு இருந்தேன். அதைக் கடையில வெச்சு ஒருத்தன் விக்கறான், நீ வாங்கிக்கினு வர்றியா?"

"ஆமா, விக்கறான். ஆமா, வாங்கினேன்."

"ஏமாந்துட்டேன்னு சொல்லு, பரவாயில்ல. ஏமாந்ததை மறைக்காதே."

"உங்களுக்குத் தெரியாத ஒண்ணு உலகத்துல இருக்கவே கூடாதா தாத்தா?"

வாசலில் நின்றிருந்த பஞ்சாட்சரத்தின் மகன் ராமராஜன் தன் மகளை அதட்டினான். அவள் கிடாரை எடுத்துக்கொண்டு விருட்டென்று தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டிகள் கூடத்தில் கிடந்தன.

பஞ்சாட்சரத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் மாலை சின்ன காஞ்சிபுரத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பராங்குசத்தின் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. செட் இவருடையது. பாட்டு அரசியின் பேண்டு. பராங்குசத்தின் மகள் ஸௌம்யா அதில் பாடுகிறவள். அந்தச் சின்ன ஆம்புக்கு முன்னால் இவர் மைக்கை வைத்து, இவர் ஸ்பீக்கர் வழியாகத்தான் சத்தம் வெளியே வர வேண்டும். கரகரப்பைக் கேட்கிறவன் பச்சைப் பெட்டியைப் பார்க்கப் போகிறானா? பெரியநாயகி செட் கிழிந்துவிட்டது என்பான். ஊர் அப்படித்தான் பேசும். பேசுகிற வாயில் பரசுராமனின் வாய் முதல் வாய்.

திருப்புளியை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டில், தன் பேத்தி ஏமாந்து வாங்கிய பொருளைச் சரிசெய்ய யாரைக் கேட்க வேண்டும்?

பச்சைப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒலி போகும் வழியை ஊசிமுனையால் தடம்பிடித்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். இரண்டு டயோடுகளை ஒன்றுக்கொன்று எதிர்முகமாக வைத்து, எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். ஒலி கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், இரண்டும் சேர்ந்து அதன் தலையைச் சீவிவிடும். கரகரப்பு வராமல் என்ன வரும்?

"எந்தக் கழுதைடா வெச்சது இதை?" என்று வெறும் கூடத்தில் கத்தினார். கம்பெனியில் வேலை தெரியாத எவனோ மாற்றி வைத்துவிட்டான் என்றுதான் அவருக்குப் பட்டது. வேண்டுமென்றே ஒருவன் ஒலியைக் கெடுப்பான் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. ஈயத்தை இளக்கி இரண்டையும் பிடுங்கினார். தன் டிரான்சிஸ்டரை அதில் கோத்து, சத்தத்தைத் தணித்து வைத்துச் செய்தி கேட்டார். கண்ணாடி மாதிரி வந்தது. மூடியை முடுக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குத் தானாகத் தெரியட்டும் என்ற கர்வம்.

வரவேற்பில் கூட்டம் நிரம்பியிருந்தது. மேடையோரம் பெரியநாயகி பலகை. சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சரில் பஞ்சாட்சரம், பக்கத்தில் ராமராஜன். வாசல் சீரியல் பல்புகளைப் போட்ட பரசுராமன் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். முதல் இரண்டு பாட்டும் பதமாகப் போயின. பராங்குசம் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். பஞ்சாட்சரத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

மூன்றாவது பாட்டில் அரசி பச்சைப் பெட்டியை மிதித்தாள்.

ஊய்ய்ய்ய்!

தலையைச் சீவ ஆளில்லாத ஒலி இரண்டு மடங்காகத் திமிறிக்கொண்டு போய் ஸ்பீக்கரில் விழுந்து, மைக்கில் ஏறி, மறுபடி ஸ்பீக்கரில் விழுந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டது. பந்தியில் சாம்பார் வாளி கவிழ்ந்த சத்தம் கேட்டது. அரசி பதறி மீண்டும் மிதித்தாள், அடங்கியது. இன்னொரு முறை மிதித்தாள், ஊய்ய்ய்!

"என்னப்பா பஞ்சாட்சரம்! காது போயிடுத்து!" என்று பராங்குசம் எழுந்தே விட்டார்.

அரசி குனிந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். திருகாணித் தலைகளில் புதுக் கீறல். மேடையிலிருந்தே கேட்டாள்: "தாத்தா, இதைத் தொறந்தீங்களா?"

பஞ்சாட்சரத்துக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த டயோடுகளைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். பெண் சொன்னது மெய். கெடுத்தது தன் கை.

ராமராஜன் முந்திக்கொண்டான். மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, பேண்டுப் பொண்ணுங்க கொண்டாந்த பெட்டியில கோளாறுங்க. நம்ம செட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றான்.

கூட்டம் சிரித்தது. "கரண்டி புடிக்கிற கையில கிடாரைக் குடுத்தா இப்படித்தாம்பா!" என்று பின்வரிசையிலிருந்து பரசுராமன் எடுத்துக்கொடுத்தான். சிரிப்பு இன்னும் பெருகியது. ஸௌம்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரசி அழவில்லை. அப்பனையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். பலகை இருந்த இடத்தில் இருந்திருக்கும். ஒரு சின்னப் பெண் நாலு நாள் கேலிபட்டிருப்பாள், ஊர் மறந்திருக்கும். பஞ்சாட்சரம் மகனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எவன்டா உன்னைப் பேசச் சொன்னது?"

"அப்பா, நம்ம பேரு..." என்று ராமராஜன் குரலைத் தாழ்த்தினான்.

"எந்தப் பேரு? பலகையில எழுதியிருக்கறது என்னைப் பெத்தவ பேரு. மேடையில நிக்கறது அவ கொள்ளுப்பேத்தி. தகரத்தைக் காப்பாத்திட்டுப் பெத்த பொண்ணை நடுச்சபையில வித்துட்டியேடா, பாவி!"

மைக் உயிரோடிருந்தது. அத்தனையும் மண்டபம் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவரும் அணைக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பொண்ணு பெட்டியில கோளாறு இல்ல. நல்லா இருந்த பெட்டியை நான் தொறந்து கெடுத்தேன். அவளைக் கேக்காம தொறந்தேன். கூவினது என் செட்டு. சிரிக்கறவன் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மேடையோரம் நடந்துபோய்ப் பலகையைக் கொக்கியிலிருந்து எடுத்தார். பரசுராமன் பாதி எழுந்து கழுத்தை நீட்டிப் பார்த்தான். தாயின் பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அரசி பச்சைப் பெட்டியோடு எதிரே நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"என்ன எடுத்தீங்க?"

"டயோடு ரெண்டு."

"திரும்ப வைங்க."

"வெக்கறேன்."

"வீட்டுக்குப் போய் இல்ல. இப்ப."

"இப்பன்னுதான்டி நானும் சொல்றேன்!"

கருவிப்பெட்டி எப்போதும் மிக்சருக்குக் கீழே இருக்கும். பிடுங்கிய டயோடுகளும் அதில்தான் கிடந்தன. சால்டரிங் ராடு சூடேறும்வரை நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொன்னார் பராங்குசம். பஞ்சாட்சரம் மேடைப்படியிலேயே உட்கார்ந்தார். பட்டுப்புடவைகளும் ஜரிகை வேட்டிகளும் அவரைச் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போயின. கோளாற்றை எடுத்துப் பழகிய கை இன்றைக்குக் கோளாற்றைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஈயம் இருமுறை வழுக்கியது. தன் கையின்மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது. அரசி உதவிக்குக் கைநீட்டவில்லை, டார்ச் மட்டும் பிடித்தாள்.

"இனிமே என் பொருளைத் தொடாதீங்க" என்றாள், பெட்டியை வாங்கிக்கொண்டு.

"தொடல, போ."

அவள் மேடையேறினாள். கிடாரைத் தோளில் மாட்டினாள். தாத்தாவை நேராகப் பார்த்துக்கொண்டே மிதித்தாள்.

கர்ர்ரென்று பெரியநாயகி ஸ்பீக்கர்கள் இரண்டும் உறுமின. முன்வரிசைப் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் விசிலடித்தார்கள். வயதானவர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு நகர்ந்தார்கள். பஞ்சாட்சரத்துக்கு ஒரு சுரம்கூடப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிக்சரின் முன்னால் நின்றார்.

பரசுராமன் எழுந்து பக்கத்தில் வந்தான். "என்ன அண்ணே, கூவினது நின்னு இப்ப ஸ்பீக்கரே கிழிஞ்சுடுச்சு போலிருக்குது?"

"கிழியலடா. அது அப்படித்தான் கத்தணும். காது இருந்தா நின்னு கேளு. இல்லாட்டி வாசலுக்குப் போய் உன் பல்ப்பு எரியுதான்னு பாரு."

அவன் போனான். ராமராஜன் தயங்கித் தயங்கி மிக்சர் பக்கம் கை நீட்டினான். "கொஞ்சம் கொறைச்சுடட்டுமாப்பா? எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

பஞ்சாட்சரம் அந்தக் கையின்மேல் ஓங்கி ஒன்று வைத்தார்.

"எடுடா கைய! வாசிக்கறவ அவ."